இந்த சம்மருக்கு ஊட்டி, கொடைக்கானல் போலாமா? பெங்களூர்ல எல்லாரும் கேக்கற கேள்விகள்

ரெண்டு சம்மர் அப்படியே போயிடுச்சு. 2020 கொரோனா லாக்டவுன்ல போச்சு, 2021 ஏப்ரல், மே நம்ம பெங்களூர்ல பெட்டுக்கும் ஆக்ஸிஜனுக்கும் போன் பண்ணியே போச்சு. இதை எழுதறது 2022 ஏப்ரல் கடைசில, கீழ வர்ற ரூல், விலை எல்லாம் அப்போ இருந்ததுதான்; பசங்களுக்கு லீவு விட்டாச்சு, கொரோனா கேஸும் கம்மி, எல்லாருக்கும் மலை ஏறணும்னு ஆசை. அல்சூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு போனாலும் சரி, எலக்ட்ரானிக் சிட்டில ஆபீஸ் கேன்டீன்ல உக்காந்தாலும் சரி, திரும்ப திரும்ப அதே டவுட்டுங்கதான் காதுல விழுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் டாக்டர் இல்ல, அதனால சுகர், ஹார்ட், கிட்னி மாதிரி பிரச்சனை இருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, போலாமா வேணாமா?

போலாம். மலைல ஹோட்டல், ஹோம்ஸ்டே, டாக்ஸி, வறுகடலை தள்ளுவண்டி, குதிரைக்காரர்னு வருஷத்து வருமானத்துல பெரும்பகுதிய ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல சம்பாதிக்கறவங்க நெறைய பேர், அவங்களுக்கு ரெண்டு வருஷமா அது இல்ல. நாம போனாதான் அவங்க அடுப்பு எரியும். ஆனா நாம போறதால அவங்க வீட்ல யாரும் ஆஸ்பத்திரிக்கு போகக்கூடாது. இந்த ரெண்டும் சேர்ந்து நடக்கணும்னா என்ன பண்ணணும்ங்கறதுதான் கீழ எழுதியிருக்கறது முழுக்க.

ஓசூர் தாண்டறதுக்கு இ-பாஸ், ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட் எதாச்சும் காட்டணுமா?

2022 ஏப்ரல்ல ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு. 2020ல தமிழ்நாட்டுக்குள்ள போக இ-பாஸ் வாங்கணும், 2021 ஏப்ரல் 20லேந்து நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூணு இடத்துக்கும் டூரிஸ்ட் யாரும் வரக்கூடாதுன்னே சொல்லிட்டாங்க. அதெல்லாம் எடுத்தாச்சு.

மாஸ்க் விஷயம் மட்டும் வேற. 2022 ஏப்ரல்ல ஐஐடி மெட்ராஸ் ஹாஸ்டல்ல நெறைய பேருக்கு கொரோனா வந்தப்புறம், பொது இடத்துல மாஸ்க் போடலன்னா 500 ரூபா ஃபைன்னு தமிழ்நாட்டுல திரும்ப சொன்னாங்க. கர்நாடகாலயும் அப்போ மாஸ்க் போடுங்கன்னு சொன்னாங்க. ரூல் எப்போ வேணா மாறும், கிளம்பற முன்னாடி நாள் அந்தந்த மாவட்ட கலெக்டர் அறிவிப்பு ஒருமுறை பாத்துடுங்க, வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டை நம்பி கிளம்பாதீங்க.

ரெண்டு கொரோனா தடுப்பூசியும் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு இவ்ளோ பயம்?

ஊசி ரொம்ப பெரிய விஷயம், அதை ஒருபோதும் குறைச்சு சொல்ல மாட்டேன். சீரியஸாகி ஐசியூ போறதை அது நல்லா தடுக்குது. ஆனா ஒமிக்ரான்ங்கற புது கொரோனா வகை வந்தப்புறம், ரெண்டு ஊசி போட்டவங்களுக்கும் தொத்திக்குது, அவங்ககிட்டேந்து மத்தவங்களுக்கும் போகுது, ஜனவரில நம்ம ஊர்லயே எல்லா வீட்லயும் பாத்தோமே. அப்போ உங்க உயிருக்கு ஊசி பெரிய பாதுகாப்பு, பக்கத்துல நிக்கற ஆளுக்கு அது அவ்ளோ பாதுகாப்பு இல்ல.

ரெண்டாவது ஊசி போட்டு 9 மாசம் ஆயிருந்தா மூணாவது போட்டுட்டு கிளம்புங்க. 2022 ஏப்ரல் 10லேந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் பிரைவேட் ஆஸ்பத்திரில போட்டாங்க, அப்போ ஊசி 225 ரூபா, சர்வீஸ் சார்ஜ் 150க்கு மேல வாங்கக்கூடாதுன்னு ரூல், வரியும் சேத்து பாத்தா ஒரு தலைக்கு நம்ம ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டு செலவுதான். 60 வயசு தாண்டினவங்களுக்கு அப்போ கவர்மென்ட் சென்டர்ல இலவசமா போட்டாங்க. போட்ட உடனே வேலை செய்யாது, ஒண்ணு ரெண்டு வாரம் விட்டு கிளம்பற மாதிரி பாருங்க.

சின்ன பையன், 7 வயசு, அவனுக்கு ஊசியே இல்லயே, கூட்டிட்டு போலாமா?

2022 ஏப்ரல்ல 12லேந்து 14 வயசுக்கு கோர்பிவேக்ஸ், 15லேந்து 17 வயசுக்கு கோவாக்சின் ஊசி போட்டாங்க, 12க்கு கீழ போட ஆரம்பிக்கல. ஆரோக்கியமான குழந்தைக்கு பெரும்பாலும் சாதா காய்ச்சல் மாதிரி வந்து போயிடுது, அதனால கூட்டிட்டு போலாம். ஆனா அந்த வண்டில பாட்டி தாத்தாவும் வராங்கன்னா அவங்களுக்கு மூணாவது ஊசி போட்டிருக்கான்னு பாருங்க, பையனை விட அதுதான் முக்கியம்.

ரூமை சானிடைஸ் பண்ணி சீல் ஒட்டி குடுக்கறாங்களாம், அந்த ஹோட்டலே புக் பண்ணிடலாமா?

இதுலதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. ஆரம்பத்துல நமக்கு எல்லாரும் சொன்னது கை கழுவு, கதவு பிடிய துடை, காய்கறிய சோப்புல அலம்புன்னு. அப்போ தெரிஞ்சது அவ்ளோதான். இது முக்கியமா காத்து வழியா பரவுற நோய்னு அப்புறம் தெளிவாச்சு. உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரல் கடைசிலதான் தன்னோட விளக்கத்துல அதை வெளிப்படையா எழுதிச்சு. அதே மாசம் அமெரிக்காவோட நோய் கட்டுப்பாட்டு மையம் சிடிசி, கிருமி பட்ட ஒரு பொருளை தொடறதால தொத்தற வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கம்மின்னு சொல்லிச்சு.

சிகரெட் புகைய நெனச்சுக்கோங்க. ஒருத்தர் மூடின ரூம்ல புடிச்சிட்டு போனா அவர் போனப்புறமும் வாசனை நிக்குது, மொட்டை மாடில புடிச்சா பத்தடி தள்ளி நிக்கறவருக்கு ஒண்ணும் தெரியல. அதே கணக்குதான் இதுவும். அதனால ஹோட்டலுக்கு போன் பண்ணா கேக்க வேண்டிய கேள்வி வேற: ரூம்ல திறக்கற ஜன்னல் இருக்கா, ரெண்டு பக்கம் காத்து வருமா, சாப்பாடு வெளில உக்காந்து சாப்பிட முடியுமா, வேலை செய்யறவங்க எல்லாரும் ஊசி போட்டாச்சா. இந்த நாலுக்கும் ஒழுங்கா பதில் சொல்ற சின்ன ஹோம்ஸ்டே, சீல் ஒட்டின ஸ்டார் ஹோட்டலை விட எவ்வளவோ மேல். ரூமுக்குள்ள போனதும் ஜன்னல், கதவு எல்லாத்தையும் அரை மணி நேரம் திறந்து விடுங்க, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை போட்டு விடுங்க, முன்னாடி இருந்தவங்க மூச்சு வெளில போயிடும்.

ஊட்டி குளிர்ல ஜன்னலை திறந்து வெச்சா படுக்க முடியுமா?

நல்ல கேள்வி, மலை ஊர்ல நிஜமான சிக்கலே இதுதான். கீழ சமவெளில வெயிலுக்கு ஜன்னலை தானா திறப்போம், மேல போனா மே மாசத்துலயும் ராத்திரி 12, 13 டிகிரி, எல்லாரும் எல்லாத்தையும் மூடிட்டு ஒரே ரூம்ல உக்காந்து கேம்ப்ஃபயருக்கு பதிலா சீட்டு ஆடுவோம். காத்து நகராத இடத்துல பத்து பேர் மணிக்கணக்கா பேசி சிரிக்கறதைவிட ஆபத்தான விஷயம் இந்த ட்ரிப்லயே கிடையாது.

ஒரே வீட்டு ஆளுங்க ஒரு ரூம்ல படுக்கறதுல புதுசா ஒண்ணும் ஆபத்து இல்ல, வீட்லயும் அப்படித்தானே இருக்கோம், ராத்திரி மூடிக்கோங்க. ரெண்டு மூணு குடும்பம் சேந்து போறப்போதான் கவனம். பகல்ல வெயில் இருக்கும்போது எல்லாத்தையும் திறந்து விடுங்க, ஒண்ணா உக்காந்து பேசறது வாசல்ல, தோட்டத்துல ஸ்வெட்டர் போட்டுட்டு, உள்ள வந்தா எதிரெதிர் பக்கம் ரெண்டு ஜன்னல் நாலு விரல் அளவு திறந்திருந்தாலே போதும். கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் யார்கிட்டயாவது இருந்தா எடுத்துட்டு போங்க, வெளிக்காத்துல 420 பக்கம் காட்டும், ரூம்ல 1000 தாண்டிச்சுன்னா மத்தவங்க விட்ட மூச்சைத்தான் இழுத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். இன்னொண்ணு, இதுக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமில்ல ஆனா சொல்லியே ஆகணும்: கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ளயோ டென்ட்டுக்குள்ளயோ வெச்சுட்டு தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை கொன்னுடும்.

கார், பஸ், ஃப்ளைட், எது சேஃப்?

சொந்த கார், சொந்த குடும்பம்னா கேள்வியே இல்ல. மைசூர், குண்டல்பேட்டை வழியா போறவங்க பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9லேந்து காலைல 6 வரைக்கும் மூடியிருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, காட்டுக்குள்ள வண்டிய நிறுத்தவும் கூடாது, டீ, டிபன் எல்லாம் குண்டல்பேட்டைக்கு முன்னாடியே வெளி டேபிள் இருக்கற கடையா பாத்து முடிச்சுக்கோங்க.

பஸ்னா ஏசி ஸ்லீப்பரை விட ஜன்னல் திறக்கற சாதா பஸ்ஸே இந்த விஷயத்துல நல்லது, தூசி படும், பரவால்ல. ஃப்ளைட்ல கோயம்புத்தூர் போறவங்க உள்ள உக்காந்தப்புறம் ரொம்ப கவலைப்பட வேணாம், பறக்கும்போது காத்து ஒரு மணிக்கு 20 தடவைக்கு மேல மாறுது, கிருமியையும் புடிக்கற ஹெபா ஃபில்டர் வழியா போகுது. ஆபத்து அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான், செக்யூரிட்டி கியூ, ஏர்போர்ட் பஸ், பெட்டி வர்ற இடம். அங்கெல்லாம் என்95 மாஸ்க் மூக்குகிட்ட இடைவெளி இல்லாம இருக்கட்டும், துணி மாஸ்க் இப்போ பத்தாது.

டாக்ஸி புக் பண்ணியிருக்கோம், டிரைவருக்கும் எங்களுக்கும் என்ன, அவர் முன்னாடி நாங்க பின்னாடி?

ஒரு காருக்குள்ள முன்னாடி பின்னாடின்னு ஒண்ணும் இல்லங்க, ஒரே காத்துதான். ஏழெட்டு மணி நேரம் உங்க குடும்பம் விடற மூச்சை அவர் இழுக்கறார், அவர் விடறதை நீங்க இழுக்கறீங்க. ஏசிய உள்காத்தை சுத்தற மோடுல போடாதீங்க, வெளிக்காத்து எடுக்கற மோடுல போட்டு, அவர் பக்கத்து ஜன்னலுக்கு குறுக்கே பின்னாடி இருக்கற எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் இறக்கி விட்டா காத்து குறுக்கால ஓடும். நீங்களும் மாஸ்க் போடுங்க, அவருக்கும் ரெண்டு என்95 குடுங்க.

இன்னொரு விஷயம், யாரும் கேக்கறதில்ல. நீங்க ரூம்ல படுக்கறீங்க, டிரைவர் எங்க படுக்கறார்? பாதி இடத்துல காருக்குள்ளயே ஜன்னலை மூடிட்டு படுக்கறார், இல்லன்னா ஹோட்டல் கீழ ஜன்னலே இல்லாத ஒரு ரூம்ல வேற எட்டு பத்து டிரைவருங்களோட. நாலு ஊர் டூரிஸ்ட்டோட வந்தவங்க எல்லாரும் ஒரே ரூம்ல தூங்கினா, மறுநாள் அது நாலு வண்டிக்கும் போகும். புக் பண்ணும்போதே அவருக்கு காத்து வர்ற தனி ரூம் கேளுங்க, கொஞ்சம் காசு கூட ஆகும், குடுங்க. நோய் இல்லன்னாலும் இது செய்ய வேண்டியதுதான்.

ஊட்டி மலர் கண்காட்சிக்கு போலாமா? செம கூட்டம் இருக்குமே?

ரெண்டு வருஷமா ஜனங்க இல்லாம பூத்து உதிர்ந்த தோட்டம் அது, 2022 மே 20 ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்காங்க, ஆசை இருக்கத்தான் செய்யும். பொட்டானிக்கல் கார்டன் வெட்டவெளி, மேல சொன்ன சிகரெட் புகை கணக்குப்படி அங்க நடக்கறதுல ஆபத்து கம்மி. டிக்கெட் கவுண்டர், கண்ணாடி மாளிகை உள்ள, கேட்ல ஒட்டிட்டு நிக்கற கியூ, இங்கதான் மாஸ்க். முடிஞ்சா முதல் நாளும் சனி ஞாயிறும் விட்டுட்டு வார நாள் காலைல திறந்ததும் போங்க. 2021 ஜூலைல நந்தி மலைக்கு வீக்கெண்ட்ல நாமெல்லாம் ஒரே நேரத்துல கிளம்பி, வீக்கெண்ட்ல வரவே கூடாதுன்னு மூட வேண்டி வந்துச்சு, அதே நிலைமைய ஊட்டிக்கும் கொண்டு வர வேணாம்.

ஊட்டி மலை ரயில் கேக்கறவங்களுக்கு, மேட்டுப்பாளையத்துலேந்து 46 கிலோமீட்டர், ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். குன்னூர் வரைக்கும் எல்லாரும் ஜன்னலை திறந்துதான் வெச்சிருப்பாங்க, அதுக்கு மேல குளிர ஆரம்பிச்சதும் பக்கத்துல இருக்கறவர் மூடப் பாப்பார். பசங்களுக்கு ஸ்வெட்டரை பெட்டில வைக்காம கைல வெச்சுக்கோங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கணுமா?

யாரும் கேக்கல, ஆனா நான் எடுக்க சொல்வேன். வீட்லயே பாக்கற கொரோனா டெஸ்ட் கிட் 2022ல மெடிக்கல்ல 250 ரூபாக்கு கிடைச்சுது. நாலு நாள் முன்னாடி எடுத்து பிரயோஜனம் இல்ல, கிளம்பற அன்னிக்கு காலைல எடுங்க, ஏன்னா அது அந்த நேரத்து நிலைமையதான் சொல்லும். நெகட்டிவ்னா நூறு சதவீதம் இல்லன்னு அர்த்தமில்ல. தொண்டை கரகரன்னு இருக்கு, உடம்பு வலிக்குதுன்னா கிட் என்ன சொன்னாலும் ட்ரிப்பை தள்ளி போடுங்க.

காசு போயிடுமேன்னுதான் காய்ச்சலை மறைச்சுட்டு பாராசிட்டமால் போட்டுட்டு கிளம்பறாங்க. அதனால புக் பண்ணும்போதே கேட்டுடுங்க, உடம்பு சரியில்லன்னா தேதி மாத்தி தருவீங்களான்னு. தர மாட்டேன்னு சொன்னா வேற இடம் பாருங்க.

ஊட்டில போய், விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு பாக்கற ஆக்சிமீட்டர் வெச்சா 94 காட்டுது, பெங்களூர்ல 98 இருந்துச்சு, பயமா இருக்கு

பயப்பட வேணாம், அது உயரத்தோட வேலை. பெங்களூர் கடல் மட்டத்துலேந்து 900 மீட்டர் பக்கம், ஊட்டி 2240, கொடைக்கானலும் 2100 கிட்ட. மேல போகப்போக காத்து மெல்லிசு, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கே ரெண்டு மூணு பாயிண்ட், சில பேருக்கு நாலும் இறங்கும். கை சில்லுன்னு இருந்தாலும் நெயில் பாலிஷ் இருந்தாலும் தப்பா காட்டும், விரலை தேச்சு சூடு பண்ணிட்டு ஒரு நிமிஷம் வெச்சு பாருங்க.

போன அன்னிக்கே, எல்லாரும் நல்லா இருக்கும்போது ஒவ்வொருத்தர் அளவையும் எழுதி வெச்சுடுங்க, அதுதான் மேல இருக்கற வரைக்கும் உங்க கணக்கு. அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வந்து, அந்த அளவுலேந்து மூணு பாயிண்ட் இறங்கினா, இல்ல ஆறு நிமிஷம் சமதரைல நடந்தப்புறம் இறங்கினா, இல்ல பேசும்போதே மூச்சு வாங்கினா, அப்போ காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க. ஆஸ்துமா, ஹார்ட் பிரச்சனை உள்ளவங்களுக்கு ஆரம்பமே கம்மியா இருக்கலாம், அதான் மேலயே சொன்னேன், கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்கன்னு.

நாம காசு குடுத்து போறோம், அந்த ஊர்க்காரங்களை பத்தி நாம ஏன் இவ்ளோ யோசிக்கணும்?

ஏன்னா நாம மூணு நாள்ல இறங்கி வந்துடுவோம், அவங்க அங்கயேதான் இருப்பாங்க. நமக்கு பெங்களூர்ல தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி, இருந்தும் போன வருஷம் பட்ட பாடு நமக்கு தெரியும். நீலகிரில சீரியஸானா இவ்ளோ நாளும் கோயம்புத்தூருக்கு இறக்கணும், 80 கிலோமீட்டருக்கு மேல, அதுல பாதி வளைவு ரோடு. ஊட்டில மெடிக்கல் காலேஜே 2022 ஜனவரிலதான் திறந்தாங்க. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு சின்னச்சின்ன எண்ணிக்கைல வாழற ஜனங்க அங்க இருக்காங்க, தோடர் வாழற சின்ன ஊரான ஒரு மந்துல பத்து வீடு கூட இருக்காது, அதுல நாலு பெரியவங்க போனா கூடவே அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பாட்டும் சடங்கும் போயிடும். மந்து பாக்க போறேன்னு கூப்பிடாம போய் செல்ஃபி எடுக்கறதை இந்த வருஷமாவது விட்டுடுங்க.

வெளிநாட்டுல எல்லாம் 2020லயே திறந்துட்டாங்களே, அங்க என்ன ஆச்சு?

மூணு விதமா ஆச்சு. ஐரோப்பால 2020 ஜூன்லயே எல்லைய திறந்தாங்க, அந்த சம்மர்ல ஸ்பெயின்ல கிளம்பின ஒரு வகை வைரஸ் லீவுக்கு போயிட்டு வந்தவங்களோடயே பல நாட்டுக்கும் பரவிச்சு. அப்புறம் ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னது, அந்த வைரஸ் மத்ததை விட வேகமா தொத்தறது இல்ல, ஜனங்க போய் வந்ததுதான் காரணம்னு. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், பயணம்னாலே என்ன பண்ணும்னு புரிஞ்சுக்க.

மாலத்தீவு 2020 ஜூலை 15ல திறந்துச்சு, ஆனா முதல்ல ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்னு தனியா இருக்கற இடங்களை மட்டும். ஊர் ஜனங்க வாழற தீவுல இருக்கற கெஸ்ட் ஹவுஸை எல்லாம் மூணு மாசம் கழிச்சுதான் விட்டாங்க. தாய்லாந்துல ஃபுகெட் தீவை 2021 ஜூலை 1ல திறக்கறதுக்கு முன்னாடி, நாட்டுல மத்த இடத்துக்கு ஊசி தட்டுப்பாடா இருந்தப்போவே அந்த ஊர்க்காரங்களுக்கு முதல்ல போட்டாங்க, வர்ற டூரிஸ்ட்டும் ஊசி போட்டிருக்கணும், 14 நாள் தீவை விட்டு போகக்கூடாது. எனக்கு புடிச்சது ஃபுகெட் வழிதான், விருந்தாளிக்கு கதவை திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரனை பாதுகாத்தாங்க.

மாமா குன்னூர்ல ஹோம்ஸ்டே நடத்தறார், அவருக்கு என்ன சொல்றது?

ஃபாகிங் மெஷினுக்கும் நெத்தில வைக்கற டெம்பரேச்சர் கன்னுக்கும் காசு போட வேணாம்னு சொல்லுங்க, காய்ச்சலே இல்லாமதான் பாதி பேர் பரப்பறாங்க. பெயின்ட் அடிச்சு ஒட்டிக்கிட்ட ஜன்னலை எல்லாம் கார்பென்டரை வெச்சு திறக்கற மாதிரி பண்ணட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டட்டும், ஒரு கெஸ்ட் போய் அடுத்தவர் வர்றதுக்கு நடுவுல ஒரு மணி நேரமாவது ரூமை திறந்து போடட்டும். பந்திய உள்ள வைக்காம வராண்டால வெக்கலாம்.

முக்கியமா சமைக்கறவங்க, ரூம் சுத்தம் பண்றவங்க. காய்ச்சல்னு சொன்னா அன்னிக்கு சம்பளம் கட்டாகும்னு தெரிஞ்சா யாரும் சொல்ல மாட்டாங்க. லீவு குடுத்தாலும் சம்பளம் உண்டுன்னு முன்னாடியே சொல்லி வெக்கட்டும். நாலு டெஸ்ட் கிட், ஒரு ஆக்சிமீட்டர், ஒரு பெட்டி என்95 வீட்ல இருக்கட்டும்.

மேல போன ரெண்டாவது நாளே ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா என்ன பண்றது?

முதல்ல ஹோம்ஸ்டேகாரர்கிட்ட சொல்லிடுங்க, மறைக்காதீங்க, அவர் வீட்லயும் வயசானவங்க இருப்பாங்க. வீட்டு கிட்ல பாசிட்டிவ் வந்தா அது பாசிட்டிவ்தான், திரும்ப ஆர்டிபிசிஆர் எடுத்து உறுதி பண்ண வேணாம். கவர்மென்ட் ஹெல்த் ஹெல்ப்லைன் 104க்கு போன் பண்ணி நிலைமைய சொல்லுங்க, என்ன பண்ணணும்னு சொல்வாங்க. மூச்சு திணறல், மேல சொன்ன மாதிரி அளவு இறங்கறது, நெஞ்சு வலி, குழப்பமா பேசறது இதுல எது இருந்தாலும் நேரா 108.

லேசா இருந்தா, 2022 ஏப்ரல்ல இருந்த ரூல்படி பாசிட்டிவ் வந்த நாள்லேந்து ஏழு நாள் தனியா இருக்கணும், கடைசி மூணு நாள் காய்ச்சல் இருக்கக்கூடாது. சொந்த கார்ல ஒரே குடும்பமா வந்திருந்து, ஓட்டறவர் தெம்பா இருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு எங்கயும் ஓட்டல்ல உக்காராம, எல்லாரும் மாஸ்க் போட்டு, ஜன்னலை இறக்கி நேரா வீட்டுக்கு வந்துடலாம், சாப்பாடு தண்ணி ஹோம்ஸ்டேலயே கட்டி வாங்கிக்கோங்க. டாக்ஸி டிரைவரையோ பஸ்ஸையோ ரயிலையோ நம்பி வந்திருந்தா இறங்கக்கூடாது, அங்கயேதான் இருக்கணும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே கூடுதலா அஞ்சாறு நாள் ரூம் வாடகைக்கும், தினமும் சாப்பிடற பிரஷர், சுகர் மாத்திரைக்கும் சேத்து கையில வெச்சுட்டு கிளம்புங்க, டிரைவரை வெறுங்கையோட தனியா திருப்பி அனுப்பாம, அவருக்கு ஒரு டெஸ்ட் கிட்டும் முழு வாடகையும் குடுத்து அனுப்புங்க.